கையெழுத்து வாங்காத வேலை

“நான் பாடம் நடத்தினதுக்கு என்ன சார் ப்ரூஃப் வைக்கிறது?”

பதவி உயர்வுக் கோப்புகளைச் சரிபார்க்கும் பொறுப்பு என்னிடம் இருந்த ஆண்டுகளில் கணிதத் துறை ஆசிரியை ஒருவர் கேட்டது இது. அரசு உதவி பெறும் கல்லூரி. மாணவர்களில் பெரும்பாலோர் தங்கள் வீட்டிலிருந்து முதன்முதலாகக் கல்லூரிப் படி ஏறியவர்கள். பிளஸ் டூ வரை தமிழில் கணக்குப் படித்துவிட்டு வந்த முதலாமாண்டுப் பிள்ளைகளுக்கு அந்த ஆசிரியை தினமும் காலை எட்டரை மணிக்கு, முதல் பீரியடுக்கு முன்னால், முக்கால் மணி நேரம் வகுப்பு எடுத்துவந்தார். பள்ளியில் ‘எல்லை’ என்று படித்தது இங்கே ‘லிமிட்’ என்ற பெயரில் எதிரே வரும்போது பிள்ளைகள் மிரளாமல் இருக்க வேண்டும் என்பதற்காக. யாரும் சொல்லி அவர் அதைத் தொடங்கவில்லை. ஒன்பது ஆண்டுகள் நடந்த வகுப்பு. சுற்றறிக்கை கிடையாது, வருகைப் பதிவேடு கிடையாது, முதல்வரின் கையெழுத்து கிடையாது. அவர் கொண்டுவந்த கோப்பில் அந்த வகுப்பைப் பற்றி ஒரு தாள்கூட இல்லை. அரைநாள் உட்கார்ந்து கேட்ட ஒரு கருத்தரங்குக்கு மட்டும் வண்ண அச்சில் சான்றிதழ் இருந்தது.

கல்லூரி ஆசிரியரின் உழைப்பை ஆவணப்படுத்தும் நம் முறையில் உள்ள பெரிய ஓட்டை இதுதான். இன்னொருவர் கையெழுத்திட்ட வேலை மட்டுமே வேலையாக எண்ணப்படுகிறது. வகுப்பறைக்குள் நடப்பதற்குக் கையெழுத்திட அங்கே வேறு யாரும் இருப்பதில்லை.

ஆசிரியர் அல்லாதவர்களுக்குச் சற்று விளக்கிச் சொல்ல வேண்டும். கல்லூரியில் உதவிப் பேராசிரியராகச் சேர்ந்தவர் மேலே ஓர் இடம் காலியாகும் வரை காத்திருப்பதில்லை. பல்கலைக்கழக மானியக் குழுவின் (யு.ஜி.சி.) பணி மேம்பாட்டுத் திட்டம், ஆசிரியர்கள் பேச்சில் ‘சி.ஏ.எஸ்.’, அவரவர் பணிக்காலத்தையும் செய்த வேலையையும் பார்த்து அவரவரை உயர்த்துகிறது. ஏழாவது ஊதியக் குழுவுக்குப் பிறகு லெவல் 10ல் 57,700 ரூபாய் அடிப்படைச் சம்பளத்தில் தொடக்கம். அடுத்து லெவல் 11க்கு 68,900, லெவல் 12க்கு 79,800, இணைப் பேராசிரியரின் லெவல் 13ஏ-வுக்கு 1,31,400, பேராசிரியரின் லெவல் 14க்கு 1,44,200. பிஎச்.டி. இருந்தால் 4 ஆண்டில் முதல் படியைத் தாண்டலாம். எம்.ஃபில். மட்டும் என்றால் 5 ஆண்டு, இரண்டும் இல்லையென்றால் 6. அதன்பின் 5, 3, 3 ஆண்டுகள்.

12லிருந்து 13ஏ-வுக்குப் போகும் இடத்தைக் கவனியுங்கள். லெவல் 12ன் தொடக்கத்தில் சேர்ந்து மூன்றாண்டு முடித்தவருக்கு அடிப்படைச் சம்பளம் மட்டுமே ஒரே நாளில் 40,000 ரூபாய்க்கு மேல் ஏறுகிறது. அகவிலைப்படி தனி. ஆறு மாதம் தள்ளிப்போனால் இரண்டு லட்சத்துக்கு மேல் போய்விடும். ஒரு ஜெராக்ஸ் தாளுக்காக ஆசிரியர்கள் ஏன் அப்படிப் பதறுகிறார்கள் என்பதற்கு இதைவிட வேறு விளக்கம் தேவையில்லை. பெண்ணின் கல்யாணக் கடனும் வீட்டுக் கடன் தவணையும் அந்தத் தாளில் தொங்கிக்கொண்டிருக்கும்.

தேதி விஷயத்தில் விதி கறாரானது. குறைந்தபட்சப் பணிக்காலம் முடிந்ததும் விண்ணப்பித்துத் தேறினால், தகுதி பெற்ற நாளிலிருந்தே உயர்வு கணக்கிடப்படும். ஏதாவது ஒரு தகுதி பின்னால் நிறைவேறி, அதன்பிறகு விண்ணப்பித்தால், அந்தப் பின்தேதிதான். 2012 ஜூனில் பிஎச்.டி.யோடு சேர்ந்தவருக்கு 2016 ஜூனில் முதல் படி. தகுதிக்கு வேண்டிய புத்தொளிப் பயிற்சி (ரெஃப்ரெஷர்) ஒன்றை 2016 நவம்பரில்தான் முடித்தார் என்றால் ஐந்து மாதம் போச்சு. அது அந்தப் படியோடு நிற்பதும் இல்லை. அடுத்த 5 ஆண்டு, 3 ஆண்டு, 3 ஆண்டு எல்லாமே நவம்பரிலிருந்து எண்ணப்படும். ஓரியன்டேஷன், ரெஃப்ரெஷர் சான்றிதழ்களில் ‘முதல்’, ‘வரை’ என்று இரண்டு தேதிகள் இருக்கும். சேர்ந்த தேதியை மனதில் வைத்துக்கொண்டு கணக்குப் போட்டு ஏமாந்தவர்களை நான் ஒவ்வோர் ஆண்டும் பார்த்திருக்கிறேன்.

எண்ணத் தொடங்கியது எப்போது

1986 ஊதியத் திருத்தத்தோடு வந்த திட்டத்தில் காலம்தான் முதன்மை. எட்டு ஆண்டு முடித்தால் சீனியர் ஸ்கேல், மேலும் எட்டு ஆண்டில் செலக்‌ஷன் கிரேடு. கூடவே பயிற்சி வகுப்புகளும் ஒரு தன்மதிப்பீடும். 1998 விதிகள் ஆண்டுகளைக் குறைத்தன. 2010 ஜூன் 30 தேதியிட்ட விதிமுறைதான் ஆசிரியரின் வேலைக்கு முதன்முறையாகப் புள்ளி போட்டது. ஏ.பி.ஐ., அதாவது கல்விப்பணிச் செயல்திறன் குறியீடு, என்ற மூன்றெழுத்து எல்லாத் துறை அறைகளிலும் புழங்கத் தொடங்கியது அப்போதுதான்.

அதில் மூன்று பிரிவுகள். முதலாவது கற்பித்தல்: ஆண்டுக்கு உச்சம் 125, தேவை 75. வகுப்பு எடுத்ததற்கு 50, நிர்ணயித்ததற்கு மேல் எடுத்தால் 10, பாடத் தயாரிப்புக்கும் கூடுதல் பாடப்பொருள் கொடுத்ததற்கும் 20, புதுமையான கற்பித்தல் முறைகளுக்கு 20, தேர்வுப் பணிக்கு 25. இரண்டாவது என்.எஸ்.எஸ்., விரிவாக்கப் பணி, நிர்வாகப் பொறுப்பு போன்றவை: உச்சம் 50, தேவை 15. இரண்டும் சேர்ந்து 100க்குக் குறையக்கூடாது. மூன்றாவது ஆய்வு.

முதல் பிரிவை மறுபடி பாருங்கள். பாடத் தயாரிப்புக்கு இருபதுக்கு எத்தனை? அந்த எண்ணை ஆசிரியரே எழுதிக்கொள்ள வேண்டும். இருபது போட்டவருக்கும் பதினெட்டு போட்டவருக்கும் என்ன வேறுபாடு என்று கேட்க யாரிடமும் அளவுகோல் இல்லை. என் மேசைக்கு வந்த படிவங்கள் எல்லாவற்றிலும் முதல் பிரிவு நிரம்பி வழிந்தது. உயிரைக் கொடுத்துப் பாடம் நடத்தியவரும், பழைய நோட்டைப் பார்த்துக் குறிப்பு சொல்லிவிட்டுப் போனவரும் அங்கே ஒரே எண்ணில் நின்றார்கள். ஆகவே தேர்வுக் குழுவின் கண் இயல்பாகவே மூன்றாவது பிரிவுக்குப் போனது. அங்கே மட்டும்தான் எண்ணிப் பார்க்க ஏதோ இருந்தது.

மூன்றாவது பிரிவில் மதிப்பீட்டுக் குழு உள்ள ஆய்விதழில் கட்டுரைக்கு 15, அது இல்லாவிட்டாலும் நூலுக்கான ஐ.எஸ்.பி.என். அல்லது இதழுக்கான ஐ.எஸ்.எஸ்.என். அடையாள எண் இருந்தால் 10. சர்வதேசக் கருத்தரங்கில் கட்டுரை படித்தால் 10, தேசியம் என்றால் 7.5, மாநில அளவில் 5. இந்த எண்கள் தமிழ்நாட்டுக் கல்லூரிகளை எப்படி மாற்றின என்பதை அந்தப் பத்தாண்டில் உள்ளே இருந்தவர்கள் மறக்க முடியாது. நிதியாண்டு முடியும் மார்ச் மாதத்தில் கருத்தரங்குகள் குவியும். மலேசியாவிலிருந்தோ இலங்கையிலிருந்தோ ஒருவர் வந்து பேசிவிட்டால் அது சர்வதேசக் கருத்தரங்கு. காலையில் தொடக்க விழா, பிற்பகலில் நான்கு அறைகளில் ஆளுக்கு ஐந்து நிமிடம், மாலையில் சான்றிதழ். தமிழ்த் துறைகளில் நூற்றுக்கணக்கான கட்டுரைகளைச் சேர்த்துத் தலையணை கனத்தில் தொகுதிகள் ஐ.எஸ்.பி.என். எண்ணோடு வெளிவந்தன. அவற்றில் நல்ல கட்டுரைகளும் இருந்தன, இன்றும் இருக்கின்றன. நாட்டார் தெய்வம் ஒன்றைப் பற்றி ஊர் ஊராகப் போய்ச் சேகரித்து எழுதியவரின் எட்டுப் பக்கம் அந்தத் தலையணைக்குள் யார் கண்ணிலும் படாமல் கிடக்கிறது. என் வருத்தம் அதற்காகத்தான்.

புள்ளிக்குத் தேவை வந்ததும் விற்பதற்கு ஆள் வந்தது. பணம் கட்டினால் ஒரு வாரத்தில் வெளியிடும் இதழ்கள் முளைத்தன. யு.ஜி.சி. 2017ல் அங்கீகரித்த இதழ்களின் பட்டியலை வெளியிட்டது. பல்கலைக்கழகங்களின் பரிந்துரையால் அதில் நுழைந்த, வேறெந்தத் தரவுத்தளத்திலும் இல்லாத இதழ்களை ஆராய்ந்த குழு ஒன்று, அவற்றில் 88 சதவீதத்துக்கு மேல் தரம் குறைந்தவையாக இருக்கலாம் என்று 2018ல் ‘கரண்ட் சயின்ஸ்’ இதழில் எழுதியது. அதே ஆண்டு மே மாதம் 4,305 இதழ்கள் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டன. பிறகு 2019ல் ‘கேர்’ என்ற புதிய இதழ்ப் பட்டியல் வந்தது. 2025 பிப்ரவரியில் அதையும் கைவிட்டார்கள். இப்போது இதழின் தரத்தைக் கல்லூரியும் பல்கலைக்கழகமுமே பார்த்துக்கொள்ள வேண்டும். பட்டியலை நம்பி நேர்மையாகக் கட்டுரை அனுப்பிய ஆசிரியர், அது வெளிவந்தபின் இதழ் நீக்கப்பட்டதைப் பார்த்துத் திகைத்து நின்றதும் நடந்தது. கட்டுரை அனுப்பிய நாளில் அந்த இதழ் எந்தப் பட்டியலில் எப்படி இருந்தது என்பதை அன்றே அச்செடுத்து வையுங்கள் என்று நான் எல்லோரிடமும் சொல்லிவந்ததற்கு இதுதான் காரணம்.

2018 விதிகளும் மொழிபெயர்ப்பாளரும்

2018 ஜூலை 18 தேதியிட்ட விதிமுறை கல்லூரி ஆசிரியரின் முதுகிலிருந்து பெரிய சுமை ஒன்றை இறக்கியது. கல்லூரி ஆசிரியர்களுக்கு ஏ.பி.ஐ. இனி கிடையாது என்று அப்போதைய மத்திய அமைச்சர் பிரகாஷ் ஜவடேகர் அறிவித்தபோது பலரும் மூச்சு விட்டார்கள். புள்ளிகளுக்குப் பதிலாக ஆண்டுதோறும் ஒரு தரம்: நன்று, திருப்தி, திருப்தியில்லை. ஒதுக்கிய வகுப்புகளில் 80 சதவீதத்துக்குக் குறையாமல் எடுத்திருந்தால் கற்பித்தலில் ‘நன்று’. 70க்கு மேல் என்றால் ‘திருப்தி’. அடுத்து நிர்வாகம், தேர்வுப் பணி, மாணவர் செயல்பாடு, கருத்தரங்கு நடத்துதல், ஆய்வு வழிகாட்டல், ஆய்வுத் திட்டம், குறைந்தது ஒரு வெளியீடு என்ற வகைகளில் மூன்றில் ஈடுபட்டிருந்தால் ‘நன்று’, ஒன்றோ இரண்டோ என்றால் ‘திருப்தி’.

எளிமை நல்லதுதான். ஆனால் பாருங்கள், உதவிப் பேராசிரியருக்கு வாரம் 16 மணி நேரம் நேரடி வகுப்பு, ஆண்டுக்கு 180 கற்பித்தல் நாட்கள் என்று அதே விதிமுறை சொல்கிறது. அவ்வளவு பெரிய வேலை கடைசியில் ஒரே ஒரு சதவீத எண்ணாக மூலையில் ஒதுங்கிவிட்டது. வகுப்பு நடந்தது என்பது மட்டும் பதிவாகிறது. அந்த வகுப்பில் யாருக்கு என்ன விளங்கியது என்பதற்கு இடமே இல்லை. காலை எட்டரை மணி வகுப்பு ‘ஒதுக்கிய’ வகுப்பு அல்ல, ஆகவே அந்த சதவீதத்துக்குள்ளும் அது வராது.

ஆய்வுக்கான புள்ளிகள் முழுதாக ஒழிந்துவிடவும் இல்லை. பேராசிரியர் நிலைக்குப் போக 10 ஆய்வு வெளியீடுகளும் 110 ஆய்வுப் புள்ளிகளும் தேவை. அந்தப் புள்ளிகள் ஆறு வகைகளில் குறைந்தது மூன்றிலிருந்து வர வேண்டும். அறிவியல் துறையில் ஒரு கட்டுரைக்கு 8, மொழி, கலை, சமூக அறிவியல் துறைகளில் 10. இருவர் சேர்ந்து எழுதினால் ஆளுக்கு 70 சதவீதம். இருவருக்கு மேல் போனால் முதன்மை ஆசிரியருக்கு 70, மற்ற ஒவ்வொருவருக்கும் 30. தனியாக எழுதினால் 8 புள்ளி. இருவராக எழுதினால் 5.6 வீதம் மொத்தம் 11.2. ஒரு பெயரைச் சேர்த்தால் கூட்டுத்தொகை ஏறுகிறது என்பதை ஆய்வு செய்யாதவர்களும் கண்டுபிடிக்க எத்தனை நாள் ஆகும்? இதழின் தாக்கக் காரணியை, அதாவது அதன் கட்டுரைகள் சராசரியாக எத்தனை முறை மேற்கோள் காட்டப்படுகின்றன என்ற எண்ணைப், பொறுத்தும் 5 முதல் 30 வரை கூடுதல் புள்ளி உண்டு. தனி ஆளின் தரத்தை இதழின் தாக்கக் காரணியால் அளக்காதீர்கள் என்று உலக அளவில் ஆய்வாளர்கள் 2012ல் சான் பிரான்சிஸ்கோவில் அறிக்கை விட்டு ஆறு ஆண்டு கழித்து எழுதிய விதி இது.

எனக்கு ஆறாத இடம் இதே அட்டவணையில் இன்னொன்று இருக்கிறது. ஒரு முழு நூலை மொழிபெயர்த்தால் 8 புள்ளி. ஓர் அத்தியாயம் அல்லது ஆய்வுக்கட்டுரை என்றால் 3. நானூறு பக்க உயிரியல் நூலை, அல்லது ஒரு பிரெஞ்சு நாவலை, மூன்று ஆண்டு உட்கார்ந்து தமிழுக்குக் கொண்டுவந்த ஆசிரியருக்கு, பத்துப் பக்கக் கட்டுரை ஒன்று எழுதிய மொழித்துறை ஆசிரியரைவிடக் குறைவு. தமிழ்வழியில் பட்டப்படிப்பு நடக்கும் மாநிலத்தில், பிள்ளைகள் கையில் நல்ல தமிழ்ப் பாடநூல் இல்லையே என்று எல்லா மேடைகளிலும் வருந்தும் மாநிலத்தில், அதைச் செய்யக்கூடிய ஆட்களுக்கு அட்டவணை சொல்லும் செய்தி இதுதான். சுவடிப் பதிப்புக்கென்று தனி வரியும் கிடையாது. நாலைந்து சுவடிகளை ஒப்பிட்டுப் பாடவேறுபாடு குறித்துப் பதிப்பித்தாலும் அது ‘நூல்’ என்ற பொதுத் தலைப்புக்குள் போய்ப் படுத்துக்கொள்ள வேண்டியதுதான். இப்படிப்பட்டவர்கள் தங்கள் உழைப்பை ஒரு பக்கமாவது விவரித்து எழுதிக் கோப்பில் இணைக்க வேண்டும்: எத்தனை மாதம், எந்தெந்தச் சுவடி, எத்தனை கலைச்சொல், யார் மேலாய்வு செய்தார்கள். புள்ளி ஏறாது. வல்லுநராக வருபவர் அதைப் படித்தார் என்றால் மற்ற இடங்களில் பார்க்கும் பார்வை மாறும். நான் அதைக் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

2025 ஜனவரி 6ஆம் தேதி வெளியான வரைவு விதிகள் காற்றை மறுபடி திருப்பப் பார்க்கின்றன. புள்ளிகளை விட்டுவிட்டு ஒன்பது துறைகளில் குறைந்தது நான்கில் ‘குறிப்பிடத்தக்க பங்களிப்பு’ காட்டச் சொல்கிறது வரைவு. புதுமையான கற்பித்தல், ஆய்வக மேம்பாடு, இந்திய மொழிகளில் கற்பித்தல், மாணவர் திட்டப்பணி வழிகாட்டல், சமூகப் பணி, ஸ்டார்ட்-அப் எல்லாம் அந்த ஒன்பதில் வருகின்றன. துணைவேந்தர் நியமனப் பகுதியை எதிர்த்துத் தமிழ்நாடு சட்டமன்றம் ஜனவரி 9ஆம் தேதி தீர்மானம் நிறைவேற்றியது. ஊடகங்களின் கவனமும் அங்கேயே போனது. பதவி உயர்வுப் பகுதியைப் பற்றி வெளியே அதிகம் பேசவில்லை. தாய்மொழியில் கற்பிப்பது ஒரு பங்களிப்பு என்று எழுத்தில் வருவதை நான் வரவேற்கிறேன். ஆனால் ‘குறிப்பிடத்தக்கது’ எது என்று உட்கார்ந்து படித்துப் பார்த்து முடிவு செய்யக் குழுவுக்கு நேரமும் மனமும் வேண்டும். ஒரே நாளில் பதினைந்து பேரின் கோப்பைப் புரட்டும் குழு மறுபடி சான்றிதழைத்தான் தேடும்.

அன்றைக்கு அன்றே

விதி எப்படி மாறினாலும் கோப்பு போகும் வழி மாறவில்லை. ஆசிரியர் தன்மதிப்பீட்டுப் படிவம் கொடுக்கிறார், கல்லூரியின் உள்தர உறுதிப் பிரிவான ஐ.க்யூ.ஏ.சி. சரிபார்க்கிறது, முதல்வர் தலைமையில் துறைத்தலைவரும் பல்கலைக்கழகம் அனுப்பும் பாட வல்லுநர்களும் உட்கார்ந்து பார்க்கிறார்கள், பிறகு கல்லூரிக் கல்வி இணை இயக்குநர் அலுவலகத்துக்கு நகர்கிறது. அங்கே ஒரு கேள்வி எழுந்து கோப்பு திரும்பி வந்தால் மாதங்கள் ஓடிவிடும். எல்லாம் சரியாகப் போய் உத்தரவு வந்தபின்னும் நிலுவைத் தொகைக்காக அரசு உதவி பெறும் கல்லூரி ஆசிரியர்கள் மூட்டா, ஏ.யூ.டி. போன்ற சங்கங்களோடு சேர்ந்து தெருவில் நிற்க வேண்டி வந்ததையும் இந்த மாநிலம் பார்த்திருக்கிறது. அரசு செய்ய வேண்டிய பங்கு அது. நம் பக்கம் திரும்பி வராத கோப்பு வேண்டும். அது ஒரு வாரத்தில் தயாராவதில்லை, ஐந்து ஆண்டில் தயாராகிறது.

பெரும்பாலோர் விண்ணப்பிக்கும் மாதத்தில்தான் வேட்டை தொடங்குகிறார்கள். ஐந்து ஆண்டுக்கு முந்தைய டைம்டேபிள் எங்கே, அப்போதைய துறைத்தலைவர் ஓய்வு பெற்றுவிட்டார், கருத்தரங்குக்குப் போனதற்கு ஓ.டி. உத்தரவு எங்கே என்று அலுவலகத்துக்கும் துறைக்கும் நடையாய் நடப்பார்கள். சான்றிதழ் இருக்கும், பணியாகக் கருதி அனுமதித்த உத்தரவு இருக்காது. உத்தரவு இருக்கும், பணிப்பதிவேட்டில் ஏறியிருக்காது. இந்த மூன்றும் ஒத்துப்போகாமல் நின்ற கோப்புகளே என் அனுபவத்தில் அதிகம். தாள் கைக்கு வந்த அன்றே ஸ்கேன் செய்து, கோப்பின் பெயரிலேயே தேதியை முதலில் போட்டு, ஆண்டுக்கு ஒரு ஃபோல்டரில் போட்டுவிடுவதற்கு மூன்று நிமிடம் ஆகும். வெளியீட்டு விவரங்களை ஆய்வாளருக்கான இணைய அடையாளமான ஆர்கிட் எண்ணில் ஒருமுறை ஏற்றிவைத்தால், கல்லூரியின் தரம் மதிப்பிடும் நாக் அமைப்புக்கான ஆண்டறிக்கைக்கு ஒருமுறை, தேசியத் தரவரிசையான என்.ஐ.ஆர்.எஃப்.புக்கு ஒருமுறை, சி.ஏ.எஸ்.ஸுக்கு ஒருமுறை என்று ஒரே விவரத்தை வெவ்வேறு கட்டங்களில் தட்டச்சு செய்யும் அவஸ்தை குறையும். ஒரே ஆளிடம் ஒரே தகவலை நான்கு படிவத்தில் கேட்பதைக் கல்லூரிகள்தான் நிறுத்த வேண்டும். ஆசிரியரின் படிக்கும் நேரம் அங்கேதான் கரைகிறது.

பெண் ஆசிரியர்கள் பலருக்கு யாரும் சொல்லாத விதி ஒன்று உண்டு. முறையாக அனுமதி பெற்ற மகப்பேறு விடுப்பு, குழந்தைப் பராமரிப்பு விடுப்பு, மருத்துவ விடுப்பு, படிப்பு விடுப்புக் காலங்களை மதிப்பீட்டிலிருந்து நீக்கிவிட்டு, பணியில் இருந்த காலத்தின் தரத்தையே முழுக் காலத்துக்கும் விரித்துக் கணக்கிட வேண்டும் என்று 2018 விதிகள் தெளிவாகச் சொல்கின்றன. விடுப்பால் பதவி உயர்வில் எந்தப் பாதகமும் வரக்கூடாது. “அந்த வருஷம் நான் ஒண்ணும் பண்ணல சார், மெட்டர்னிட்டி லீவ்” என்று தாழ்ந்த குரலில் சொல்லிக்கொண்டு வருபவர்கள் உண்டு. தாழ்த்த வேண்டியதே இல்லை. விடுப்பு உத்தரவின் நகலை அந்த ஆண்டுத் தாள்களில் முதலாவதாக வைத்தால் போதும்.

கௌரவ விரிவுரையாளர்களைப் பற்றிச் சொல்லாமல் போக மனம் வரவில்லை. அவர்களுக்குச் சி.ஏ.எஸ். கிடையாது. ஆவணம் மட்டும் எல்லோரையும்விட அவர்களுக்குத்தான் உயிர். ஆசிரியர் தேர்வு வாரியம் 2019ல் 2,331 உதவிப் பேராசிரியர் பணியிடங்களுக்கு அறிவிக்கை விட்டபோது மொத்தம் 34 மதிப்பெண்ணில் 15 கற்பித்தல் அனுபவத்துக்கு, ஆண்டுக்கு 2 வீதம். ஓர் ஆண்டுக்கான அனுபவச் சான்று இல்லையென்றால் 2 மதிப்பெண் போயிற்று. சுயநிதிக் கல்லூரியில் வேலை பார்த்தவர் இணை இயக்குநரின் மேலொப்பமும் வாங்க வேண்டும். கல்லூரியை விட்டு வந்து ஆறு ஆண்டு கழித்துப் போய் நின்றால் நிர்வாகம் முகம் கொடுத்துப் பேசுமா? அந்தத் தேர்வுமுறை பின்னர் கைவிடப்பட்டது. என்றாலும் பணியில் இருக்கும்போதே ஒவ்வொரு கல்வியாண்டின் முடிவிலும் சான்றும் சம்பளம் ஏறிய வங்கிக் கணக்குத் தாளும் வாங்கி வைப்பவர் எந்த முறை வந்தாலும் தடுமாற மாட்டார்.

இனி அந்தக் கணித ஆசிரியையின் கேள்விக்கு வருகிறேன். வகுப்பறைக்கு என்ன ப்ரூஃப்? கனடாவில் பல்கலைக்கழக ஆசிரியர்கள் இதே கேள்வியோடு மோதி, 1980 வாக்கில் அவர்களின் சங்கம் ‘டீச்சிங் டோசியர்’ என்ற வழிகாட்டியை வெளியிட்டது. நான் ஏன் இப்படிக் கற்பிக்கிறேன் என்று ஆசிரியர் சில பக்கங்கள் எழுதுவார், அதற்கு ஆதாரமாக வினாத்தாளும் பாடக்குறிப்பும் மாணவர் வேலையும் பின்னிணைப்பாக இருக்கும். அங்கிருந்து அது பல நாடுகளுக்குப் பரவியது. இங்கே அதற்குப் படிவத்தில் இடம் இல்லாவிட்டாலும் கோப்பில் இடம் உண்டு.

நானும் அந்த ஆசிரியையும் அன்று மாலை துறை அறையில் உட்கார்ந்து யோசித்தோம். ஜூலை முதல் வாரம் வகுப்புக்கு வரும் பிள்ளைகளுக்குப் பத்துக் கணக்கு. அதே பத்து, எண்களை மட்டும் மாற்றி, நவம்பரில் மறுபடி. எத்தனை பேர் எத்தனை சரியாகப் போட்டார்கள் என்று ஒரே பக்கத்தில் அட்டவணை. ஒரு பிள்ளையின் ஜூலைத் தாளும் நவம்பர்த் தாளும், பெயரை மறைத்து, பக்கத்தில் பக்கம். எந்தக் கணக்கில் எல்லோரும் ஒரே மாதிரி வழுக்கினார்கள், அதற்காக அடுத்த ஆண்டு பாடத்தை எங்கே மாற்றினேன் என்று அரைப்பக்கம். எல்லாம் சேர்ந்து நான்கு தாள். கூடவே ஆண்டு தொடக்கத்திலேயே ‘முதலாமாண்டு மாணவர்களுக்கான இணைப்பு வகுப்பு’ என்று முதல்வருக்கு ஒரு கடிதம், அதன் மேல் அவருடைய அனுமதிக் கையெழுத்து, பிள்ளைகளே கையெழுத்துப் போடும் ஒரு நோட்டு. மாணவர் செயல்பாடு என்ற வகைக்குள் அது சட்டப்படியே உட்கார்ந்துகொள்ளும்.

“இதையெல்லாம் எழுத ஆரம்பிச்சா அந்த வகுப்பு வேற மாதிரி ஆயிடாதா சார்?” என்று கேட்டார். நியாயமான பயம். பதிவுக்காக நடக்கும் வகுப்புகளை நாங்கள் இருவருமே பார்த்திருக்கிறோம். என்னிடம் முழுப் பதில் இல்லை. பிள்ளைகள் எங்கே வழுக்குகிறார்கள் என்று எழுதும் அரைப்பக்கம் குழுவுக்கு முன்னால் அவருக்கே பயன்படும், அடுத்த ஜூலையில் அதை எடுத்துப் பார்ப்பவர் அவர்தான் என்று மட்டும் சொன்னேன்.

போன ஒன்பது ஆண்டுகளுக்கு ஒன்றும் செய்ய முடியவில்லை. பழைய மாணவர்கள் சிலரிடம் கடிதம் வாங்கலாமா என்று கேட்டதற்கு, பிள்ளைகளிடம் போய் அப்படிக் கேட்க மாட்டேன் என்று சொல்லிவிட்டார். உயர்வு மற்றத் தாள்களின் பலத்தில் வந்தது. அடுத்த ஜூலையில் அனுமதிக் கடிதம் என் மேசைக்கு வந்தது, அதில் வகுப்பு நேரம் 8.30 என்று இருந்தது. ஒரு நாள் அந்த வழியாகப் போகும்போது எட்டிப் பார்த்தேன். கரும்பலகையின் ஓரத்தில் தேதி எழுதியிருந்தது. வகுப்பு முடிந்ததும் போனில் பலகையைப் படம் எடுத்துக்கொண்டு, அதன்பிறகே டஸ்டரைக் கையில் எடுத்தார்.